நடந்ததைத் தகரத்தில் வரைவது எப்படி: மெக்சிகோவின் ரெதாப்லோ வழி

மெக்சிகோவின் சகாதேகாஸ் மாநிலத்தில் பிளாதேரோஸ் என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்குள்ள குழந்தை இயேசு கோயிலை ஒட்டிய அறைகளில், சுவரே தெரியாத அளவுக்குத் தகரத்திலும் பலகையிலும் அட்டையிலும் வரைந்த சின்னச் சின்னப் படங்கள் மாட்டியிருக்கும். இந்த வகைப் படங்களில் கவிழ்ந்த வண்டி வரும், அறுவை சிகிச்சை மேசை வரும், சுரங்கத்தில் விழுந்தவர், சிறைக்குப் போனவர், அமெரிக்க எல்லை ஆற்றில் மூழ்கப் பார்த்தவர் என்று எல்லாரும் வருவார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் நாலைந்து வரி எழுதியிருக்கும்: இந்த ஊரில், இந்தத் தேதியில், இன்னாருக்கு இது நடந்தது, பிழைத்துக்கொண்டார், நன்றி. இவற்றை ரெதாப்லோ என்பார்கள், எக்ஸ்வோத்தோ என்றும் சொல்வதுண்டு.

நமக்கு இது ரொம்பத் தூரத்து விஷயம் இல்லை. சமயபுரத்தில் கண்மலர் சாத்துகிறோம், வேளாங்கண்ணியில் வெள்ளியில் கால் உருவம் வைக்கிறோம், மெக்சிகோவிலும் அதே மாதிரி உலோக உருவங்களை மிலாக்ரோ என்ற பெயரில் வைக்கிறார்கள். ரெதாப்லோ இதைவிட ஒரு படி அதிகம் பேசும். கால் என்று மட்டும் சொல்லாமல், அந்தக் காலுக்கு எங்கே, எப்போது, என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடும்.

கலை மனதை ஆற்றும் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரு வெள்ளைத்தாளைக் கையில் கொடுத்து 'மனதில் வருவதை வரையுங்கள்' என்று விட்டுவிடுவார்கள். மோசமான ஒன்றைக் கடந்து வந்தவருக்கு அந்த வெள்ளைத்தாளே பெரிய தண்டனை, ஏனென்றால் மனதில் வருவது என்னவென்று அவருக்கு நன்றாகவே தெரியும், அது வராமல் இருக்கத்தான் அவர் ராத்திரி விளக்கைப் போட்டுக்கொண்டே படுக்கிறார். ரெதாப்லோ உணர்ச்சியைக் கேட்பதில்லை. இடம் கேட்கும், தேதி கேட்கும், யார் யார் இருந்தார்கள் என்று கேட்கும், இத்தனையையும் ஒரு கையகலத் தகரத்துக்குள் அடக்கச் சொல்லும். அதிர்ச்சியில் தங்கிப்போன நினைவுக்குத் தேதி கிடையாது, இப்போதே நடப்பது மாதிரி திரும்பத் திரும்ப வரும். அதற்கு ஒரு தேதியும் நாலு விளிம்பும் கொடுப்பதுதான் இந்த வேலை. எனக்குத் தெரிந்தவரை இதன் பலமே இந்தக் கட்டுப்பாடுதான். கீழே சொல்லும் வழிமுறையில் எதை மாற்றினாலும் இதை மட்டும் மாற்றாதீர்கள்.

தொடங்குவதற்கு முன்னால்

இது சிகிச்சைக்கு மாற்று இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்கு, அதற்கென்றே உள்ள அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும் கண்ணசைவை வைத்துச் செய்யும் ஈ.எம்.டி.ஆர் சிகிச்சையையும் பரிந்துரைத்திருக்கிறது. ஓவியத்துக்கு அந்த அளவு ஆதாரம் கிடையாது. சிகிச்சையோடு சேர்த்துச் செய்யலாம், சிகிச்சை முடிந்த பிறகு செய்யலாம், சிகிச்சை தேவைப்படாத அளவுக்கு ஆறிய, ஆனால் மழை பெய்தால் வலிக்கும் காயங்களுக்குச் செய்யலாம்.

சிலர் இப்போது தொடங்கக் கூடாது. சம்பவம் நடந்து சில வாரங்கள்தான் ஆகிறது என்றால் பொறுங்கள், இப்போது தூக்கமும் சாப்பாடும் பக்கத்தில் ஆளும்தான் முக்கியம். உங்களைத் துன்புறுத்தியவரோடு இன்னும் ஒரே வீட்டில் இருக்கிறீர்கள் என்றால் முதலில் பாதுகாப்பு, படம் அப்புறம்; அந்தத் தகரம் அவர் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் தூரிகையைத் தொடாமல் போனை எடுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலங்கையில் 1926.

முதல் படத்துக்கு வாழ்க்கையின் ஆகப் பெரிய சம்பவத்தை எடுக்காதீர்கள். நாய் துரத்தி வாய்க்காலில் விழுந்தது, கல்யாண வீட்டில் சேலை நுனியில் தீப்பிடித்தது என்று, இன்றைக்குச் சொன்னால் பாதிச் சிரிப்பும் பாதிப் பயமுமாக வரும் ஒன்றை எடுங்கள். வடிவம் கைக்கு வரட்டும். மெக்சிகோவில் தொலைந்த மாடு திரும்ப வந்ததற்குக்கூட ரெதாப்லோ வைக்கிறார்கள், யாரும் அதைச் சின்ன விஷயம் என்று சொல்வதில்லை.

தகரமும் வண்ணமும்

காலனி ஆட்சிக் காலத்தில் இப்படிப் படம் வைத்தவர்கள் பெரும்பாலும் வசதியானவர்கள், துணியிலும் பலகையிலும் வரைய வைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளீயம் பூசிய மெல்லிய இரும்புத் தகடு மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததும் கதை மாறிவிட்டது, விவசாயியும் சுரங்கத் தொழிலாளியும்கூட ஒன்று வரைந்து வைக்க முடிந்தது. நீங்களும் விலை உயர்ந்த கேன்வாஸ் வாங்கக் கூடாது என்பது என் பிடிவாதம். நல்ல கேன்வாஸ் முன்னால் உட்கார்ந்தால் நன்றாக வரைய வேண்டும் என்ற கவலை வந்துவிடும்.

பழைய பிஸ்கட் டப்பா மூடி போதும். இல்லையென்றால் தகர வேலைக் கடையில் ஜி.ஐ. ஷீட் கேளுங்கள், 18-க்கு 25 செ.மீ. அளவில் வெட்டி, விளிம்பைக் கண்டிப்பாக உள்பக்கம் மடித்துத் தட்டித் தரச் சொல்லுங்கள், வெட்டிய விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். மேலே இரண்டு ஓட்டையும் போட்டு வாங்கிவிடுங்கள், அப்புறம் கம்பி கட்டி மாட்ட வசதி. ஜி.ஐ. தகட்டின் மேல் துத்தநாகப் பூச்சு இருப்பதால் எனாமல் பெயிண்டையோ எண்ணெய் வண்ணத்தையோ நேரடியாகப் பூசினால் சில மாதங்களில் உரிந்து வந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, உப்புத்தாள் போட்டு லேசாகத் தேய்த்து, ஜி.ஐ.க்கு ஏற்ற பிரைமர் என்று பெயிண்ட் கடையில் கேட்டு வாங்கி மெல்லிசாக இரண்டு கை அடியுங்கள். ஒரு நாள் காயட்டும்.

பழைய ரெதாப்லோக்கள் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தவை. உங்களுக்கு அக்ரிலிக் போதும்: வெள்ளை, கறுப்பு, சிவப்பு, நீலம், காவி மஞ்சள். சீக்கிரம் காயும், தின்னர் வாடையும் இருக்காது. வாடை முக்கியம், தீ விபத்தோ ஆஸ்பத்திரியோ உங்கள் கதையில் இருந்தால் தின்னர் வாடை ஒன்றே உங்களைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போய்விடும். தட்டையான பிரஷ் ஒன்று, எழுத்துக்கு மெல்லியது ஒன்று, அவ்வளவுதான்.

எனக்கு வரையத் தெரியாதே என்பவர்களுக்கு ஒரு ஆளைச் சொல்கிறேன். எர்மெனெகில்தோ புஸ்தோஸ், 1832-இல் குவானஹுவாதோ மாநிலத்தில் பூரிசிமா தெல் ரின்கோன் என்ற ஊரில் பிறந்து 1907-இல் இறந்தவர், கல்லூரியில் ஓவியம் படித்தவர் இல்லை, ஐஸ் செய்து விற்றவர், அதோடு இன்னும் பல கைத்தொழில்கள் செய்தவர். ஊர்க்காரர்களுக்கு ரெதாப்லோவும் முகப்படமும் வரைந்து கொடுத்தார். இன்று மெக்சிகோவின் பெரிய ஓவியர்களில் ஒருவராக அவரை வைக்கிறார்கள். அவர் அளவுக்கு உங்களுக்கு வராமல் போகலாம், பரவாயில்லை, பெயரே தெரியாத ஆட்கள் வரைந்த ஆயிரக்கணக்கான ரெதாப்லோக்களில் கை கால் அளவு சரியாக இருப்பதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கட்டிலைவிடத் தலை பெரிதாக இருக்கும், மாடு நாய் மாதிரி இருக்கும். என்ன நடந்தது என்பது மட்டும் ஒரு பார்வையில் புரியும்.

முதலில் எழுத்து

தகரத்தில் எழுத்து கடைசியில்தான் வரும், ஆனால் தாளில் அதை முதலில் எழுதுங்கள். எழுதாமல் வரைய உட்கார்ந்தால் எந்தக் கணத்தை வரைவது என்று திண்டாடுவீர்கள்.

ஊர், தேதி, யார், என்ன நடந்தது, யார் உதவினார்கள், இப்போது எப்படி இருக்கிறார். ஐந்து வரியைத் தாண்டாதீர்கள். 'சொல்லொணாத் துயரம்', 'இருண்ட நாட்கள்' எல்லாம் வேண்டாம், போலீஸ்காரரிடம் சொல்வது மாதிரி சொல்லுங்கள். ரெதாப்லோ எழுத்தின் அழகே அது பேசுவது மாதிரி, எழுத்துப்பிழையோடு இருப்பதுதான், யாரும் திருத்துவதில்லை. பலவற்றில் 'நான்' இருக்காது, 'இன்னாருடைய மனைவி இன்னார் கடும் காய்ச்சலில் கிடந்தபோது' என்று வேறொருவரைப் பற்றிச் சொல்வது மாதிரி போகும். 'நான்' என்று எழுதக் கை வராதவர்கள் இந்த முறையையே பிடித்துக்கொள்ளுங்கள், உங்கள் பெயரைப் போட்டு மூன்றாம் ஆள் மாதிரி எழுதலாம்.

எப்படி இருக்கும் என்பதற்காக நானே கற்பனையாக ஒன்று எழுதிக் காட்டுகிறேன்: '2019 ஐப்பசி, மழை இரவு. செல்வி வேலை முடிந்து பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்கூட்டரில் வரும்போது லாரி இடித்துவிட்டு நிற்காமல் போனது. நிறைய நேரம் யாரும் வரவில்லை. இளநீர்க் கடைக்காரர் வந்து தூக்கிக்கொண்டு போனார். இடது கால் இன்னும் முழுதாக மடங்காது. அவருக்கு நன்றி.' இதில் 'யாரும் வரவில்லை' என்ற வரியைப் பாருங்கள், அதை விட்டுவிடச் சொல்லி உங்கள் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். விடாதீர்கள்.

தகரத்தைப் பிரிப்பது, வரைவது

அடியில் ஒரு கால் பங்கை எழுத்துக்கு ஒதுக்கிப் பென்சிலால் கோடு போடுங்கள். மேலே ஒரு மூலையில் வானம், அங்கேதான் வழக்கமாக மேகத்துக்கு நடுவில் குவாதலூபே மாதாவோ, சான் ஹுவான் தே லோஸ் லாகோஸ் மாதாவோ, யாருக்கு வேண்டிக்கொண்டார்களோ அவர்கள் இருப்பார்கள். நடுவில் சம்பவம்.

வரையும் வரிசை முக்கியம். சம்பவத்தில் ஆரம்பிக்காதீர்கள். முதலில் வானம், அப்புறம் தரை, சுவர், ஜன்னல், மரம், கட்டில், பாத்திரம் என்று ஆட்களைத் தவிர மற்றதெல்லாம். அறையின் நிறம் என்ன, ஜன்னல் எந்தப் பக்கம் என்று நினைவுபடுத்திக்கொண்டே போகும்போது சம்பவத்துக்கு வெளியேயும் அந்த இடத்தில் ஒரு உலகம் இருந்தது கண்ணில் படும். இதிலேயே முதல் நாள் போய்விடட்டும். ஒரு நாளில் அரை மணி, முக்கால் மணிக்கு மேல் உட்கார வேண்டாம்.

ஆட்களை வரையும்போது சின்னதாக, முழு உருவமாக, தூரத்திலிருந்து பார்ப்பது மாதிரி வரையுங்கள். முகத்தைப் பெரிதாக்காதீர்கள். ரெதாப்லோ பார்ப்பவரை ஒரு தெருக்கூத்து மேடைக்கு எதிரே உட்கார வைக்கிற மாதிரிதான் எப்போதும் உட்கார வைக்கும், அவரை இழுத்துச் சம்பவத்துக்குள் தள்ளாது. உங்களைத் துன்புறுத்திய ஆளை வரையத்தான் வேண்டும் என்றில்லை. மூடிய கதவாக, சட்டையாக, முதுகாக வரையலாம். அவன் முகத்துக்கு உங்கள் தகரத்தில் இடம் தர வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

இப்போது எனக்கு இந்த வடிவத்தில் மிகவும் பிடித்த விஷயம். ரெதாப்லோவில் ஒரே ஆள் இரண்டு முறை வருவது சகஜம். கட்டிலில் சாகக் கிடப்பதும் அவர்தான், அதே அறையின் ஓரத்தில் எழுந்து மண்டியிட்டு நன்றி சொல்வதும் அவர்தான், ஒரே வெளிச்சம், ஒரே தரை. அதே மாதிரி நீங்களும் இன்றைய உங்களை ஓரமாக வரையுங்கள். மண்டியிட வேண்டாம் என்றால் நில்லுங்கள், நாற்காலி போட்டு உட்காருங்கள், கையில் காபி டம்ளர்கூட இருக்கட்டும். ஆனால் அன்றைய உங்களை இன்றைய நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். படம் முழுவதிலும் இதை வரைவதற்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும், அவசரப்படாதீர்கள்.

வரையும்போது மார்பு படபடத்தாலோ, கை மரத்துப் போனாலோ, எவ்வளவு நேரம் போனது என்றே தெரியாமல் வெறித்துக்கொண்டிருந்தாலோ, அதுதான் நிறுத்த வேண்டிய இடம். தகரத்தைக் குப்புறப் போடுங்கள். பாதம் தரையில் படுகிறதா என்று பாருங்கள், குளிர்ந்த தண்ணீரில் கை நனையுங்கள், அறையில் இருக்கும் பொருட்களின் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள். மறுநாளும் அப்படியே ஆனால் அந்தச் சம்பவத்தை ஆலோசகர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் தொட வேண்டும்.

வானத்தில் யாரை வைப்பது

சாமி நம்பிக்கை உள்ளவர்களுக்குக் கேள்வியே இல்லை. இல்லாதவர்கள் தூக்கிக்கொண்டு போனவரை வையுங்கள், ராத்திரி ஷிப்ட் நர்ஸை வையுங்கள், போனை எடுத்த தோழியை, கூடவே படுத்திருந்த நாயை வையுங்கள், மேகத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். உதவியவரைத் தலைக்கு மேலே மேகத்தில் பார்க்கக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும், அந்த வேடிக்கை தேவைதான்.

யாருமே உதவவில்லை என்றால்? அப்போது நன்றி என்ற சொல்லை எழுதாதீர்கள். பாலியல் வன்முறைக்கு ஆளான ஒருவரிடம் போய் எதற்காவது நன்றி சொல், அப்போதுதான் ஆறும் என்று சொல்வது அயோக்கியத்தனம். 'உயிரோடு இருக்கிறேன்' என்று முடிக்கலாம். வானத்தைக் காலியாக நீலமாக விடலாம். மெக்சிகோ நகரில் ஆல்ஃப்ரெதோ வில்சிஸ் ரோக்கே போன்ற இன்றைய ரெதாப்லோ ஓவியர்கள் பக்திக் கதைகளோடு நிற்காமல் நகரத்து வாழ்க்கையின் அடிதடி, காதல், குடி, துரோகம் எல்லாவற்றையும் இதே வடிவத்தில் வரைந்து தள்ளுகிறார்கள், வடிவம் அதைத் தாங்குகிறது.

எழுத்தை வரைந்து, காய்ந்ததும் ஒரு கை வார்னிஷ் அடியுங்கள். எங்கே மாட்டுவது? ரெதாப்லோவைக் கோயிலில் பொது இடத்தில் மாட்டுவார்கள், மற்றவர்களுடைய ரெதாப்லோக்களுக்கு நடுவில், தனக்கு மட்டும்தான் இப்படி என்ற நினைப்புக்கு அங்கே இடமே இல்லை. நீங்கள் நம்பும் ஒருவர் வீட்டில் மாட்டலாம், அல்லது பெட்டியில் வைக்கலாம். கட்டிலுக்கு எதிரே மட்டும் வேண்டாம். முகநூலில் போடுவதற்கும் அவசரம் வேண்டாம், அங்கே வருகிற கருத்துகள் உங்கள் படத்தின் அடியில் எழுத வேண்டிய ஆறாவது வரி இல்லை.

இன்னொருவருக்கு வரைந்து கொடுப்பது

தங்களுடையதைத் தாங்களே வரைந்தவர்களும் உண்டு, ஆனால் நிறையப் பேர் ரெதாப்லேரோ என்ற ஓவியரிடம் போய்க் கதையைச் சொல்லி வரைந்து வாங்கிக்கொண்டார்கள். அதாவது தனக்கு நடந்ததை முன்பின் பழகாத ஒருவரிடம் சொல்ல வேண்டும், அவர் அதைக் கேட்டு, ஒரு காட்சியாகத் தேர்ந்து வரைய வேண்டும். அடுத்தவருக்கு உதவுவது என்பது இந்தக் கலையில் பிறகு வந்து ஒட்டிக்கொண்ட நல்லெண்ணம் இல்லை, தொழிலே அதுதான்.

மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ விஷயத்தில் இது வேறு மாதிரி நடந்தது. 1925 செப்டம்பர் 17 அன்று, அவருக்கு 18 வயதாக இருந்தபோது, அவர் போன பஸ்ஸில் டிராம் மோதி முதுகெலும்பும் இடுப்பும் காலும் உடைந்தன. மறு வருடம் பென்சிலில் அந்த விபத்தை ஒரு கோட்டோவியமாகப் போட்டார், பெரிய ஓவியமாக அதை வரையவில்லை. 1940-களில், தன் விபத்தைப் போலவே இருந்த, யாரோ யாருக்கோ வரைந்த ஒரு ரெதாப்லோ அவர் கைக்கு வந்தது. அதில் பஸ்ஸுக்கு ஊர்ப்பெயர் எழுதி, அடிபட்டுக் கிடக்கும் பெண்ணுக்குத் தன்னுடைய கூட்டுப் புருவத்தை வைத்து, மகளைக் காப்பாற்றியதற்குத் தன் பெற்றோர் மாதாவுக்கு நன்றி சொல்வதாக அடியில் எழுதிக்கொண்டார். அவரும் அவர் கணவர், ஓவியர் தியேகோ ரிவேராவும் சேர்த்த நூற்றுக்கணக்கான ரெதாப்லோக்கள், மெக்சிகோ நகரின் கோயோவாகான் பகுதியில் அவர்கள் வாழ்ந்த நீல வீட்டில் இன்றும் இருக்கின்றன.

நீங்கள் ரெதாப்லேரோவாக உட்காரும்போது கேட்க வேண்டியது குறைவு. எங்கே, எப்போது, பகலா இரவா, யார் இருந்தார்கள், எந்தப் பொருள் எங்கே இருந்தது. 'அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது' என்ற கேள்வி வேண்டவே வேண்டாம். அதிர்ச்சி அடைந்தவரை உட்கார வைத்து நடந்ததையெல்லாம் கொட்டச் சொல்வது உதவாது, அப்படிச் செய்யக் கூடாது என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. பென்சிலால் வேகமாக ஒரு கோட்டுப்படம் போட்டு, அவர் பக்கம் திருப்புங்கள். 'இல்லம்மா, கதவு இந்தப் பக்கம்', 'அண்ணன் இங்கே நின்றான்' என்று அவர் திருத்த ஆரம்பிப்பார். அந்தத் திருத்தம்தான் மொத்த வேலையும். தனக்கு நடந்தபோது ஒன்றையும் மாற்ற முடியாமல் இருந்தவர், இங்கே கதவை இடம் மாற்றுகிறார், விளக்கைப் போடச் சொல்கிறார், நீங்கள் சொன்னபடி செய்கிறீர்கள். அழிப்பான் நிறைய வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தத்தைக் கூட்டாதீர்கள், அழகுபடுத்தாதீர்கள், அவர் சொல்லாத ஆறுதலை வானத்தில் வரையாதீர்கள். அடியில் உள்ள எழுத்து அவருடைய வாய்மொழியாகவே இருக்கட்டும், அவர் 'ஆஸ்பத்திரி' என்றால் நீங்கள் 'மருத்துவமனை' ஆக்க வேண்டாம். பாதியில் போதும் என்றால் போதும், பாதித் தகரமும் அவருடையது. நீங்கள் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் சொந்தப் படத்தை முடிக்காமல் இந்த நாற்காலியில் உட்காராதீர்கள். முடித்த பிறகும், உங்களுக்கு நடந்ததைப் போன்ற கதையோடு முதலில் வருபவரை வேறொருவரிடம் அனுப்பிவிடுவது நல்லது. குழந்தைகளுக்கு இதைச் செய்யவே முயலாதீர்கள், அதற்குப் பயிற்சி வேண்டும். இந்தியாவில் ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் போக்சோ சட்டப்படி நீங்கள் தகவல் சொல்லியாக வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098.

இன்னொன்று, மாதிரிக்காகப் பழைய ரெதாப்லோ ஒன்றை ஆன்லைனில் வாங்கலாம் என்று தோன்றினால் விட்டுவிடுங்கள். கோயில் சுவர்களிலிருந்து திருடி விற்றது ஏராளம், 2019-இல் இத்தாலி மட்டும் 594 ரெதாப்லோக்களை மெக்சிகோவுக்குத் திருப்பிக் கொடுத்தது.

பிழைக்காதவர்களுக்கு, திரும்பாதவர்களுக்கு

ரெதாப்லோ பிழைத்தவருடைய வடிவம். ஆள் இறந்துவிட்டாலோ காணாமல் போய்விட்டாலோ அதை இழுத்துப் பிடித்துப் பொருத்தாதீர்கள், அதற்கு மெக்சிகோவில் வேறொரு வழி இருக்கிறது, அதைத் தனியாகச் செய்யவும் முடியாது.

2006 டிசம்பரில் அன்றைய அதிபர் கால்தெரோன் போதைக் கும்பல்களுக்கு எதிராக ராணுவத்தை இறக்கினார், அதன் பிறகு கொலைகளும் ஆட்கள் காணாமல் போவதும் பெருகின. அரசுப் பதிவேட்டில் காணாமல் போனவர்கள் எண்ணிக்கை 2022 மே மாதத்தில் 1,00,000-ஐத் தாண்டியது. 2011-இல் ஃபுவெந்தெஸ் ரோஹாஸ் என்ற குழுவினர் கோயோவாகான் சதுக்கத்தில் வெள்ளைக் கைக்குட்டைகளோடு உட்கார்ந்து எம்பிராய்டரி போட ஆரம்பித்தார்கள், ஒரு ஆளுக்கு ஒரு கைக்குட்டை. கொல்லப்பட்டவருடைய பெயர், இடம், தேதி, என்ன நடந்தது என்பதைச் சிவப்பு நூலில் தைத்தார்கள். வடக்கே மொன்தெர்ரே நகரில் காணாமல் போனவர்களின் குடும்பங்கள் பச்சை நூலை எடுத்தன, தேடுகிறோம், நம்பிக்கை இருக்கிறது என்பதற்காக. 2012 டிசம்பர் 1 அன்று கால்தெரோன் பதவியிலிருந்து இறங்கிய நாளில் மெக்சிகோ நகரத்தின் மையத்தில் கயிறு கட்டி அத்தனை கைக்குட்டைகளையும் தொங்கவிட்டார்கள். இதே வழியில் ஆல்ஃப்ரெதோ லோபெஸ் கசனோவா என்ற சிற்பி, பிள்ளைகளைத் தேடி நடந்து நடந்து தேய்ந்த செருப்புகளை அந்தக் குடும்பங்களிடமிருந்து வாங்கி, அடிப்பகுதியில் அவர்கள் சொன்னதைச் செதுக்கிப் பச்சை மையில் தாளில் அச்செடுத்தார்.

2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் உட்கார்ந்த, காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாக்களைப் பற்றி அறிந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

செய்முறை எளிது. சுமார் 40 செ.மீ. சதுரப் பருத்தித் துணி, சாயம் போகாத நூல், பென்சில், வட்டச் சட்டம். பின்தையல் போதும், தெரிந்தவர்கள் சங்கிலித் தையல் போடட்டும். குடும்பத்திடம் கேட்டு, அவர்கள் ஒப்புக்கொண்ட சொற்களை மட்டும் பென்சிலால் எழுதுங்கள். கீழே தைத்தவர் பெயரையும் போடுங்கள், சாட்சிக் கையெழுத்து மாதிரி. மாதம் ஒரு நாள், ஒரே இடம், ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நூலகத் திண்ணையோ பூங்காவோ, வீட்டுக்குள் வேண்டாம். யாரென்றே தெரியாத ஒருவர் வந்து உட்கார்ந்தால் பாதி தைத்த கைக்குட்டையைக் கையில் கொடுங்கள். ஒரு பெயரை ஒரே ஆள் முடிக்க வேண்டியதில்லை. பத்து நிமிஷம் ஊசியைப் பிடித்தவருக்கு அந்தப் பெயர் மறக்காது. உறவை இழந்தவரும் இழக்காதவரும் பக்கத்தில் பக்கத்தில் குனிந்து தைத்துக்கொண்டிருக்கும்போது, முகம் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாததால், பேச்சு தானாக வரும். வராவிட்டாலும் தையல் நடக்கும்.

இதை விற்கலாமே, கண்காட்சி வைத்து நிதி திரட்டலாமே என்று ஒருவர் கட்டாயம் வந்து கேட்பார். கண்காட்சி குடும்பங்கள் சம்மதித்தால் வைக்கலாம். விற்பது கூடாது. துணிக்கும் நூலுக்கும் டீக்கும் ஆகிற செலவுக்கு ஒரு டப்பா வையுங்கள், கணக்கை அன்றைக்கே எல்லார் முன்னாலும் வாசித்துவிடுங்கள்.